ஸ்பிட்டிக்குப் போன ரிஜெக்ட் பனியன்

சகலையைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆணை நான் இன்றுவரை சந்தித்ததில்லை, சகலையே இல்லாதவர்களைத் தவிர. எனக்கு இருப்பவர் ஒரே ஒருவர். செந்தில், என் மனைவி கோமதியின் தங்கை கணவர். வெள்ளகோவில் மாமியார் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனால், கறிக்குழம்பு எனக்குத்தான் முதலில் வரும். பேச்சு அவரைப் பற்றித்தான் வரும்.

போன வருடம் அவர் தனியாளாகப் பைக்கில் இமயமலைப் பக்கம் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தார். மரமே இல்லாத மலை, ஆளே இல்லாத ரோடு, நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றிய செந்தில். அவர் எடுத்து அனுப்பிய வீடியோவை மாமியார் டிவியில் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"தனியாவே போயிட்டு வந்திருக்காருங்க மாப்ள. பயமே இல்லீங்க," என்றார் என்னிடம், என் பயத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை என்கிற குரலில்.

நானும் போவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். கோமதி சிரிக்கக்கூட இல்லை.

"ஏனுங்க, அவினாசி ரோட்டுல பின்னால லாரி ஹாரன் அடிச்சாலே ஓரங்கட்டி எறங்கி நின்னுக்குவீங்க. அங்க எறங்கி நிக்க ஓரமே இருக்காதுங்க."

(நியாயமான பேச்சு. நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.)

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். தையல் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் பீஸைத் தூக்கி ஓரமாகப் போடுகிறவன். அதே கண்ணோடு தயாரானேன். ட்யூப், பிளக், கிளட்ச் கேபிள், கிழமை எழுதி மடித்த கைக்குட்டைகள். குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் பனியனை மட்டும் வாங்கவில்லை. திருப்பூர்க்காரன் ஒருவன் கடையில் காசு கொடுத்துப் பனியன் வாங்குவது எங்கள் ஊரில் மானப் பிரச்சினை. கம்பெனி குடோனில் கருநீலத் தெர்மல் ஒரு லாட் கிடந்தது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் நிற்கவில்லை என்று அதை ரிஜெக்ட் செய்தவன் நானேதான். ஆனால் துணி அருமையான துணி. ஸ்பிட்டியில் மழை அபூர்வம், குளிரில் வியர்க்கவும் வியர்க்காது. நனையாத துணிக்குச் சாயம் எதற்காக நிற்க வேண்டும்?

வண்டியைச் சண்டிகர் வரைக்கும் ரயிலில் அனுப்பி, அங்கிருந்து தனியாகக் கிளம்பினேன். எந்த மலையைப் பார்த்தாலும், செந்தில் இதை முன்பே பார்த்திருப்பாரே என்றுதான் தோன்றியது. அவர் நின்று படமெடுத்த பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைவிட ஓரடி மேலே ஏறி, டைமர் வைத்துப் படமெடுத்துக்கொண்டேன்.

அதைத் தாண்டியதும், பனி உருகிய ஓடை ஒன்று ரோட்டின் குறுக்கே ஓடியது. செந்தில் தன் வீடியோவில் இதைக் காலைத் தூக்கிக்கொண்டு கடந்திருந்தார். நானும் தூக்கினேன். வண்டி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். கழுத்துவரை நனைந்து எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நடுங்கிக்கொண்டே தெர்மலின் கைநுனியால் முகத்தைத் துடைத்தேன்.

அந்த வழியாக வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார். உதடு, கன்னம், கழுத்து, கை எல்லாம் நீலம். அந்த உயரத்தில் மூச்சுக்காற்று போதாமல் போனால் ஆள் நீலமாகிவிடுவான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வண்டியோடு என்னையும் ஏற்றிக்கொண்டுபோய், அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கினார்.

எனக்குத் தெரிந்த இந்தி, வடக்கத்தித் தையல்காரர்களிடம் பேசிப் பழகியது. சீக்கிரம் தை, பிரித்துத் தை. இரண்டும் அங்கே உதவவில்லை. டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில், "இது நோயில்லைங்க மேடம், எங்க கம்பெனிச் சாயம்" என்றேன். அவர் நர்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூளைக்கும் காற்று போகவில்லை என்று அர்த்தம். ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். விளக்கம் சொல்ல நான் கழற்றினேன். திரும்ப மாட்டினார்கள். இதற்குள் என் போனை வாங்கிக் கோமதிக்கும் சொல்லிவிட்டார்கள், உடம்பெல்லாம் நீலம், ஏதேதோ உளறுகிறார் என்று.

ஊசி போடுவதற்காக நர்ஸ் என் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பஞ்சு நீலமானது, கை மாநிறமானது. டாக்டரம்மா இன்னொரு பஞ்சை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பஞ்சோடு வந்தார்கள்.

குளித்துக் கழுவி, மீதிப் பயணத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று கிளம்பியபோது கோமதி போனில் வந்தாள்.

"நீங்க ஒண்ணும் ஓட்ட வேண்டாமுங்க. செந்தில் தம்பி பொறப்பட்டாச்சு. வண்டிய அவரு கொண்டாருவாரு. நீங்க பஸ்ஸுல மலையெறங்கி, பிளேன்ல ஊட்டுக்கு வந்து சேருங்க."

வந்து சேர்ந்த செந்தில் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. (செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.)

"அண்ணா, மொதல்லயே சொல்லியிருந்தா என்ற தெர்மலக் குடுத்திருப்பனுங்களே."

"காசு குடுத்தா வாங்குனீங்க?"

"ஆமாங்கண்ணா. ரிஜெக்ட் சரக்க நம்பி மலையேற முடியுங்களா?"

சாவியைக் கொடுத்தேன். நான் ரயிலில் ஏற்றிய வண்டியை அவர் திருப்பூர் வரைக்கும் ரோட்டிலேயே தனியாக ஓட்டி வந்தார், வழியில் இன்னொரு கணவாயையும் சேர்த்துக்கொண்டு.

இப்போது மாமியார் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பனிமலை, என் வண்டி, அதன்மேல் செந்தில். பார்ப்பவர்களிடம் மாமியார் என்னைச் சொல்லாமல் ஒருபோதும் விடுவதில்லை.

"வண்டி பெரிய மாப்ளையோடதுங்க."

"அப்ப அவரு எங்கீங்க?"

"அவரு முன்னாடியே பிளேன்ல வந்துட்டாருங்க."