பூட்டிய ஆந்தையும் இரண்டு குவார்ட்டர்ஸும்

நெய்வேலி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இனியன் அவர்களுக்கு, மாமனார் கோபாலகிருஷ்ணன் எழுதுவது. இங்கே நானும் கமலாவும் சௌக்கியம். அங்கே தாங்களும் நிறைமாதத்தை நெருங்கும் கிருஷ்ணப்ரியாவும் சௌக்கியமா? போனில் கேட்கலாம் என்றால் தாங்கள் எடுப்பதில்லை.

"ஆந்தை திரும்பி வந்தாத்தான் உங்க பொண்ணு பிரசவத்துக்கு வருவா" என்று தாங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. ஆந்தை வராது. ஏன் வராது என்பதை என் வாயாலும் கேளுங்கள். சித்திரை லீவுக்கு வந்த தாங்கள், காசு கொடுத்து வாங்கிய, கம்ப்யூட்டருக்குள் மட்டும் வாழும் அந்த ஹெல்மெட் போட்ட ஆந்தைப் படத்தை, பிளாக்செயின் என்கிற ஒரு கம்ப்யூட்டர் பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் போனீர்கள். உலகத்தில் ஒன்றே ஒன்று என்று தாங்கள் சத்தியம் செய்த ஆந்தை, நான் பார்த்தபோது இரண்டு இடத்தில் இருந்தது. பழைய இடத்தில் ஒன்று பூட்டிக் கிடந்தது, புது இடத்தில் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நானோ டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் தலை நரைத்தவன். பிளாக் மாறிப் போகிறவன் பழைய வீட்டையும் பூட்டி வைத்துக்கொண்டால் விடுவேனா? "ஏங்க, அவரு வரட்டும், கேட்டுக்கலாம், கைய வச்சிக்கினு சும்மா இருங்க" என்றாள் கமலா. நான் என்றைக்குச் சும்மா இருந்தேன்? பழையது முறையாகப் பூட்டியிருக்கிறது, புதியதுதான் அத்துமீறிக் குடியேறியது என்று முடிவுகட்டி, அதை அழிக்க நெருப்புப் படம் போட்ட பொத்தானை அமுக்கினேன். நிச்சயமா, நிச்சயமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டது. ஆபீசில் நாங்களும் அப்படித்தான் கேட்போம். ஆமாம் என்றேன்.

பலாப்பழத்தோடு வந்து தாங்கள் போட்ட சத்தத்தில்தான் விஷயம் புரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி, பூட்டிய ஆந்தையை வெளியே எடுக்க அந்தப் புதிய ஆந்தைதான் அத்தாட்சியாம். அதை எரித்துவிட்டேனாம். இனி எக்காலத்திலும் பழையது வெளியே வராதாம். வருத்தம்தான். ஆனால் அதே ஆந்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் கையிலும் இருக்கிறது, கமலாவின் தம்பி அதற்கு மீசை வரைந்து தினமும் குட்மார்னிங் அனுப்புகிறான். அது வெறும் நகல் என்கிறீர்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நாங்கள் பூமியைத் தோண்டினால் கரியாவது வருகிறது, சுரங்கத்துக்கு நிலம் போன வளையமாதேவிக்காரர்கள் திட்டவாவது வருகிறார்கள். தங்கள் பொருளை எரித்தேன், சாம்பல்கூட வரவில்லை.

தங்கள் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் கமலா என் முகத்தில் விழிக்கமாட்டாள், எனக்கும் மனசு தாங்காது. ஒருவருக்கு ஓர் இடம்தான் என்ற விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அந்த விதியை நான் யாருக்காகவும் வளைத்ததில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் தங்களுக்கும் வேலுடையான்பட்டு முருகன் துணையிருக்கட்டும்.

அன்புடன்,
கோபாலகிருஷ்ணன்

பின்குறிப்பு: எல்லோரும் வந்தால் இடம் போதாதே என்று யோசிக்க வேண்டாம். இந்த வீட்டுக்கு மாறியபோது பழைய பிளாக் குவார்ட்டர்ஸை நான் ஒப்படைக்கவே இல்லை, பூட்டி வைத்திருக்கிறேன். தாங்கள் அங்கே தாராளமாகத் தங்கலாம். வாசல் விளக்கை மட்டும் போடாதீர்கள், எங்கள் செக்‌ஷனில் ரொம்பக் கண்டிப்பு.