சிஸ்டம் எடுக்கலைங்க

பகுதிநேர முதுகலை மாணவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள், நம்பமாட்டேன். பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தோளையே தலையணையாக்கித் தூங்கி, மடியிலிருந்த தடித்த புத்தகத்தை உங்கள் கால்விரல் மேல் போட்டுவிட்டு, "சாரிங்க" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாரே, அவர்தான். வயது முப்பத்தைந்துக்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். தோளில் ஒரு பை. பைக்குள் காலி சாப்பாட்டு டப்பா, சார்ஜர், குழந்தையின் இருமல் மருந்து, போன வருடம் நகலெடுத்து இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டாத பாடக் குறிப்புகள். அலுவலகத்தில் கேட்டால் "கிளாஸ் இருக்கு" என்பார். கிளாஸில் கேட்டால் "ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன்" என்பார். வீட்டில் இரண்டையும் சேர்த்துச் சொல்வார். வீட்டில் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

இவர் எதற்காகப் படிக்கிறார்? மேலதிகாரி கேட்டால் பதவி உயர்வுக்கு என்பார், பேராசிரியர் கேட்டால் அறிவுத் தேடல் என்று தொண்டையைச் செருமிக்கொள்வார், பிள்ளைகளிடம் "உங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கணும்ல" என்பார். உண்மைக் காரணம் அவருக்கே மறந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆரம்பித்துவிட்டார், முடிக்காமல் விட்டால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

பகுதிநேரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ பாதி வேலை, பாதிச் சிரமம் என்று நினைத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அதற்குப் பொருள் வேறு. இவர் வந்து சேரும் நேரத்துக்கு நூலகம் மூடியிருக்கும், துறை அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், கழிப்பறைச் சாவி காவலாளியிடம் இருக்கும், காவலாளி டீ குடிக்கப் போயிருப்பார். பகுதிநேர மாணவர்களுக்கென்றே கருணையோடு நடத்தப்படும் "மாலை வகுப்பு" மூன்றரை மணிக்குத் தொடங்கும். மூன்றரை மணியை மாலை என்று உலகத்தில் வேறு யார் சொல்கிறார்கள்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டு எழுந்தவர்கள் சொல்வார்கள். கால அட்டவணை போட்டவர் அப்படி எழுந்த கையோடு போட்டிருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் சேர்ந்த பிறகு வரும் கஷ்டம். சேர்வதே தனிக் கஷ்டம். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் பாடப் பதிவு என்று ஒன்று நடக்கும். ஆய்வு வழிகாட்டியின் ஒப்புதல் இல்லாமல் பாடத்தில் சேர முடியாது. பாடத்தில் சேராதவருக்கு வழிகாட்டி ஒதுக்கமாட்டார்கள். இதை யாரிடமாவது சுட்டிக்காட்டினால் அவர் ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமா, அது அப்படித்தான் இருக்கு" என்பார். அவ்வளவு பொறுமையாகச் சொன்னபிறகு என்ன செய்வது? நன்றி சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும்.

இந்த இனத்துக்கு உதாரணமாக ஒருவரைக் காட்டச் சொன்னால் டோக்கன் அக்காவைத்தான் காட்டுவேன். அரசுப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவருடையது. யார் எப்போது டாக்டரைப் பார்க்கலாம் என்று நாள் குறித்து டோக்கன் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். படிப்பது பொது நிர்வாகம். எல்லாப் பாடங்களையும் ஒருவழியாகத் தேறிவிட்டார், ஒன்றே ஒன்று பாக்கி. அந்தக் கட்டாயப் பாடத்தின் பெயர் "பொதுச் சேவையில் காத்திருப்போர் மேலாண்மை". நான் கேலிக்காக வைத்த பெயர் என்று நினைப்பீர்கள். பாடத்திட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பாடத்தை நடத்துவார்கள். போனமுறை மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் விட்டுப்போனது. இந்தமுறையும் விட்டால் அக்காவுக்குக் கொடுத்திருக்கும் காலக்கெடு முடிந்து, அதுவரை தேறிய பாடங்களெல்லாம் தேறாத பாடங்களாகிவிடும். அப்புறம் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த அம்மாள் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "இன்னுமா படிக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க அண்ணி ரொம்ப வருஷமா படிக்கிறாங்க" என்று பெருமையாக அறிமுகம் செய்பவர். அக்காவின் கணவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் தானே சமைத்து, தானே பாத்திரம் கழுவி, அந்தப் பாத்திரங்களைச் சத்தம் கேட்கிற மாதிரி அடுக்குவார்.

பதிவு திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். முழுநேர மாணவர்கள் விடுதியில் போர்வைக்குள் இருந்தபடியே ஒற்றை விரலால் பதிந்துவிட்டு மறுபடி தூங்கப் போகிற நேரம். பல் மருத்துவமனையில் அதே நேரத்துக்குத்தான் வாரக்கடைசி முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள். அக்கா எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணைக் கெஞ்சி மேஜையில் உட்காரவைத்துவிட்டு, மருந்து வைக்கும் அறைக்குள் போய் அலைபேசியைத் திறந்தார். வட்டம் சுற்றியது. கடவுச்சொல் காலாவதி ஆகிவிட்டது என்றது. புதிதாக ஒன்று கொடுத்தால், பழையது மாதிரியே இருக்கிறது, வேறு கொடு என்றது. வேறு கொடுத்தால், நீ மனிதப் பிறவிதானா என்று சந்தேகப்பட்டு, ஒன்பது படங்களைக் காட்டி, படிக்கட்டு எதிலெல்லாம் இருக்கிறது என்று தேர்வு வைத்தது. ஒரு படத்தில் ஏணி இருந்தது. ஏணி படிக்கட்டில் சேருமா சேராதா? அக்கா சேரும் என்று முடிவு செய்தார். தவறான முடிவு.

மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து உள்ளே நுழைந்தபோது பாடத்தின் எதிரே சிவப்பு எழுத்தில் "இடம் நிரம்பிவிட்டது" என்று இருந்தது. அதற்குக் கீழே அடக்கமாக இன்னொரு கேள்வி. "காத்திருப்போர் பட்டியலில் சேர விருப்பமா?" காத்திருப்போர் மேலாண்மை படிக்கக் காத்திருப்போர் பட்டியல். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேஜைத் தொலைபேசி அடித்தது. எக்ஸ்ரே பெண் எட்டிப் பார்த்துக் கூப்பிட, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் எடுத்தார். மறுமுனையில் ஓர் ஆண் குரல். கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை, இன்றைக்கே யாராவது பார்க்க முடியுமா என்று கேட்டது.

"இன்னைக்கு இல்லைங்க. வெள்ளிக்கிழமை பாருங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காதும்மா. கன்னமெல்லாம் வீங்கியிருக்கு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

"பார்த்துட்டேன் சார். சிஸ்டம் எடுக்கல. எல்லாருக்கும் வலிதான்."

வைத்துவிட்டார். பார்த்தாரா என்று கேட்கிறீர்களா? கணினித் திரை அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னதும் அக்காவின் மனசு கொஞ்சம் லேசானது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பதிவுப் பிரிவில் மூன்று ஜன்னல்கள். முதல் இரண்டும் கட்டடம் கட்டிய காலத்திலிருந்தே மூடியிருப்பவை. திறந்திருப்பது மூணாம் ஜன்னல் ஒன்றுதான். அதற்குள் இருப்பவருக்கும் மாணவர்கள் வைத்த பெயர் மூணாம் ஜன்னல்தான். ஏறிட்டுப் பார்க்காமல் பதில் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நீட்டுகிற காகிதத்தின் நுனியைப் பார்த்தே, வந்திருப்பது முழுநேரமா பகுதிநேரமா என்று கண்டுபிடித்து, பகுதிநேரம் என்றால் காகிதத்தைத் தொடாமலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு ஒரு கையால் கன்னத்தைக் கைக்குட்டையோடு பிடித்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தொடாமலிருப்பது இன்னும் வசதியாக இருந்தது.

வரிசை நீளம். பேராசிரியர் ஒருவர் வந்தார், ஜன்னலைத் தாண்டிக் கதவு வழியாகவே உள்ளே போனார், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பிறகு அக்காவின் முறை வந்தது.

"சீட் இல்லம்மா. சிஸ்டம் எடுக்கல."

இதுதான் கடைசிப் பாடம், இதை விட்டால் இவ்வளவு காலம் படித்ததும் வீணாகிவிடும் என்று அக்கா சொன்னார்.

"எல்லாருக்கும் கடைசிப் பாடம்தான்" என்றார் மூணாம் ஜன்னல்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வாக்கியத்தை இதற்கு முன் எங்கே கேட்டோம்? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூணாம் ஜன்னல் நாற்காலியைத் திருப்பி, பின்மேஜை அம்மாவிடம் முனகினார். பல் ஆஸ்பத்திரிக்கு நேற்று போன் செய்தாராம், ஒரு பெண் எடுத்து வெள்ளிக்கிழமை வா என்று சொல்லிவிட்டாளாம், எல்லாருக்கும் வலிதான் என்று வேறு சொன்னாளாம், இந்த அரசாங்க ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு மனசாட்சியே கிடையாதாம்.

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நழுவியிருப்பீர்கள். அக்கா பத்து வருடமாக மேஜையில் உட்காருகிறவர். கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கீழ் கடைவாய்ப் பல்லா சார்? நாளைக்கு காலைல முதல் ஆளா வந்துடுங்க. பெரிய டாக்டரே பார்ப்பார்."

மூணாம் ஜன்னல் முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சிஸ்டம் எடுக்கலைன்னாங்களே?"

"சிஸ்டம் நான்தான் சார்."

மூணாம் ஜன்னல் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, நாலு தட்டு தட்டி, திரையைப் பார்த்துத் தானே ஆச்சரியப்படுவது போல் புருவத்தை உயர்த்தினார்.

"அட, இப்ப எடுக்குது பாருங்க."

எப்படி எடுத்தது என்று அக்கா கேட்கவில்லை. கேட்பானேன்? எந்தப் பாடமானாலும் வேண்டப்பட்டவர்களுக்காக இரண்டு இடங்களை மேலேயே ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? பெரிய டாக்டரின் சொந்தக்காரர்களுக்காகத் தினமும் இரண்டு டோக்கன்களை இழுப்பறையில் போட்டு வைப்பவர் அவர்தானே. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பின்னால் இதே பாடத்துக்காக இன்னொரு பகுதிநேரம் நின்றுகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் காதால் கேட்டு, ஒரு நம்பிக்கையோடு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. மூணாம் ஜன்னலின் கை மறுபடி கன்னத்துக்குப் போய்விட்டது.

"சீட் இல்லைங்க. சிஸ்டம் எடுக்கல."

அந்த ஆள் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த இன்னொரு இடம் வெளியே வந்திருக்கும். அக்கா பைக்குள் இருமல் மருந்தைத் தேடினார். தேடவேண்டிய அவசியம் என்ன, அவருக்கு இருமலே இல்லை.

அந்த ஆள் யார் என்று கேட்கமாட்டீர்களா? நான்தான். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அக்கா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக் கதையெல்லாம் சொல்லி, ஏணிக் கதையில் தானே சிரித்து, "உனக்குத்தான் காலக்கெடு இன்னும் இருக்கே தம்பி, அடுத்த தடவை கிடைச்சிடும்" என்று ஆறுதலும் சொன்னார். அந்தப் பாடத்தில் அக்காதான் முதல் மதிப்பெண் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். "காத்திருப்போர் கோபப்படுவது ஏன்?" என்ற கேள்விக்கு, சேவை தருபவரிடம் ஒளிவுமறைவு இருப்பதால் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாராம். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாராம். இப்போதெல்லாம் நாத்தனார் வாயைத் திறப்பதில்லையாம், பாத்திரங்களும் சத்தமில்லாமல் அடுக்கப்படுகின்றனவாம். நன்றாக இருக்கட்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, நல்லவேளை நான் மாணவன் இல்லை, இந்த இனத்தில் சேரமாட்டேன் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரிகிறது. உங்களுக்கும் ஒரு மேஜை இருக்கும். மேஜை இல்லாவிட்டால் ஒரு சாவியோ முத்திரையோ, மாடி வீட்டு மோட்டாரின் சுவிட்சோ இருக்கும். இன்றைக்கு அதன் எதிரே ஒருவர் வந்து நின்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன் என்றபோது, திரையைப் பார்த்தீர்களா? அவர் முகத்தையாவது பார்த்தீர்களா? எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

ஏனென்றால் மூணாம் ஜன்னல் இப்போது புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் இணைப்புக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே புதிய இணைப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் நான். கதவு, ஜன்னலெல்லாம் பொருத்தி முடித்துவிட்டதாகக் கேள்வி. இந்த வாரமோ அடுத்த வாரமோ வருவார்.

சிஸ்டம் என்ன சொல்லுமோ, பார்ப்போம்.