எதிர்பாராத வெற்றி

நெருப்பு, சக்கரம், எக்ஸ். மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் மகத்தானவை இந்த மூன்றுதான். முதல் இரண்டையும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். மூன்றாவதன் பெருமையைச் சொல்ல, அக்கரப்பத்தனைப் பக்கம் கரடிக்கல் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் இக்னேசியஸாகிய என்னை விட்டால் ஆளில்லை.

1986ஆம் ஆண்டு ஆனி மழையோடு எங்கள் தோட்டத்துக்கு ஒரு கம்பியூட்டர் வந்து சேர்ந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எந்தக் காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றுவது என்பதை இனி மனிதர்கள் தீர்மானிக்க மாட்டார்கள். மனிதர்களுக்குப் பாரபட்சம் உண்டு. அதற்கான புரோகிராமை எழுதியவர் ஞானரட்ணம் சார். கொட்டகலை வாத்தியார் ஒருவரின் மகன், சிங்கப்பூரில் படித்துவிட்டுக் கொழும்பு மேலிடத்தில் இருப்பவர். கம்பியூட்டருக்கு ஈரம் ஆகவே ஆகாது என்றார். ஆகவே அந்த வருடம் தோட்டத்துக்கு வந்த புதுத் தகரம் முழுவதையும் கம்பியூட்டர் அறைக்கு மேலேயே அடித்தோம். இதில் பாரபட்சம் எதுவும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, சார் மகா கெட்டிக்காரர். புரோகிராமில் ஓரிடத்தைத் திருத்தினால் இன்னோரிடம் கெட்டுப்போகுமாம். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு 'மீள்சோதனை' என்று பெயர். சோதனைக்கு மாதிரி எங்கள் லயங்களேதான். கங்காணி பொன்னையா காம்பரா காம்பராவாக எட்டிப் பார்த்து வந்து சொல்வார், நான் உள்ளே அடிப்பேன். ஒழுகாத காம்பரா 'சரி', ஒழுகுவது 'தோல்வி'. தோல்விக்குத் தகரம் கிடைக்கும்.

முதல் தடவை ஓட்டியபோது திரை முழுக்கத் தோல்வி. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சார் சிரித்தார்.

"கட்டளைய மட்டும் அடிச்சா அப்படித்தான் வரும் இக்னேசியஸ். பின்னால ஒரு சாய்கோடு போட்டு, ஓர் எழுத்து அடிக்கணும். வித்தையே அங்கதான் இருக்கு."

கியூ என்று அடித்தால் இயந்திரம் தோல்விகளை வாய்விட்டுச் சொல்லாது. எஸ் என்று அடித்தால் தகராறு பிடித்த லயங்களைத் தாண்டிப் போய்விடும். எக்ஸ் இருக்கிறதே, அடடா! ஒழுகும் என்று நமக்கு முன்பே தெரிந்த காம்பராக்களை அது 'எதிர்பார்த்த தோல்வி' என்று வைத்துக்கொள்ளும். அவை ஒழுகினால் எதிர்பார்த்தபடியேதான் ஒழுகுகின்றன, ஆகவே சரி. வெள்ளைக்காரத் துரைமார் காலம் முதல் ஒழுகிக்கொண்டிருந்த லயங்களெல்லாம் ஒரே எழுத்தில் சரியாகிவிட்டன.

அன்றைக்கே வீரம்மா வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"கிளாக்கரய்யா, மக பேச்சியம்மா புள்ள பெத்து வந்திருக்கா. காம்பரா பூரா ஒழுகுது. பச்சப்புள்ளைய எங்கிட்டுத்தான் போடுறது? தகரம் ஒண்ணு குடுங்க."

"ஒங்க காம்பரா சரின்னுல்ல வந்திருக்கு?"

"ஒழுகுதுங்கய்யா!"

"ஒழுகுறதாலதாம்மா சரி. ஒழுகலேன்னாத்தான் யோசிக்கணும்."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"தகரம் பெயிலுக்குத்தான். நீங்க பாஸ்."

"நல்லா பாஸாக்குனீங்க போங்க," என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். விஞ்ஞானத்தைப் பாமரருக்கு விளங்க வைப்பது லேசான காரியமா?

விளங்காததன் பலனை இரண்டு வாரம் கழித்துக் கண்டோம். பேக்டரிக்குப் பின்னால் வீசப்பட்டுக் கிடந்த உடைந்த தேயிலைப் பெட்டிகளிலிருந்து ஈயத்தாளை உரித்து, மருமகனைக் கூரையில் ஏற்றி, தார் பூசி ஒட்டிவிட்டாள் வீரம்மா. பொன்னையா வந்து, "வீரம்மா காம்பரா ஒழுகலீங்க," என்றார். நான் அதை அடித்து, சாய்கோடு போட்டு, எக்ஸும் போட்டேன். திரையில் வந்த வாசகம்: எதிர்பாராத வெற்றி ஒன்று. ஆகவே மீள்சோதனை முழுவதும் தோல்வி.

மறுநாள் மேலிடத்துப் பெரியவர்கள் வரவிருந்தார்கள். எல்லாம் சரி என்று வந்தால் எல்லாத் தோட்டத்துக்கும் இந்தப் புரோகிராம் போகும், சாருக்கும் பதவி உயரும். அவர் முகம் வெளிறிவிட்டது.

"யாரைக் கேட்டு வெற்றியடைஞ்சாங்க?" என்று கத்தினார்.

தோட்ட நிர்வாகியான பெரிய துரை நிதானமானவர். "அந்தக் காம்பராவுக்கு எக்ஸ எடுத்துட்டா?" என்று கேட்டார்.

"எடுக்கணும்னா கொழும்பில கமிட்டி கூடணும்," என்றார் ஞானரட்ணம் சார்.

"ஈயத்தாள எடுக்கணும்னா?"

"ஏணி போதும்."

"ஏணி நம்மகிட்ட இருக்கே!" என்றார் பெரிய துரை. நிர்வாகத் திறமை என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

கொட்டும் மழையில் போனோம். முன்னால் துரை, அடுத்து சார், பின்னால் ஏணியோடு பொன்னையா, எல்லோருக்கும் குடை பிடித்தபடி நான். லயத்து வாசலில் வீரம்மா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தொரை, மழை ஊத்துதுங்க. வெயிலு வந்தப்பறமாச்சும் பிரிங்க."

"வெயில்ல எப்படிம்மா ஒழுகும்?" என்றார் சார். "மழையில செஞ்சாத்தான் சோதனை செல்லும்."

"ரெண்டு நாளாத்தான் புள்ள இருமாமத் தூங்குது சாமி!"

"இருமல் இந்தப் புரோகிராமுக்குள்ள வராதும்மா."

பொன்னையா பாதி ஏணியில் நின்றுவிட்டார். "என் கையாலயாங்க? நானும் புள்ளகுட்டிக்காரன்," என்றார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னையா ஏறினார்.

ஈயத்தாள் கிழிந்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. தண்ணீர் தொட்டிலுக்கு நேர் மேலே, எதிர்பார்த்த அதே இடத்தில் கொட்டியது. பேச்சியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினாள். விஞ்ஞானத்தின் துல்லியத்தை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. பொன்னையா மட்டும் இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பெரியவர்கள் முன்னால் நான் கட்டளையை அடித்தேன். 'எல்லாம் சரி' என்று வந்தது. கைதட்டல்! கேக் வெட்டினார்கள். ஞானரட்ணம் சாருக்கு மாலை, எனக்கு ஒரு பேனா.

கேக் வாயில் இருக்கும்போதே வீரம்மா வந்து நின்றாள். மழைக்குத் தலையில் போடும் கொங்காணி இல்லை, நனைந்த சேலை காலோடு ஒட்டியிருந்தது.

"கிளாக்கரய்யா, பேத்தி மூச்சு முட்டி பெரியாஸ்பத்திரியில கெடக்கா. தப்புமான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. ஒங்க மெசினு நல்லா இருக்குங்களா?"

எங்கள் முயற்சியை ஒரு பாமரப் பெண் விசாரிக்கிறாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. "ரொம்ப நல்லா இருக்கும்மா. இப்பத்தான் எல்லாத்தையும் சோதிச்சோம்," என்றேன்.

"ஒரு பழுதும் இல்லீங்களே?"

"மெசின்லயா? இல்லவே இல்ல."

"அப்ப பழுது யாருகிட்டன்னு தெரிஞ்சுபோச்சுங்க," என்று சொல்லிவிட்டு, வாயில் கேக்கோடு உட்கார்ந்திருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.