கதவோடு பாலம் கடந்தவர்

கடலுக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷெல்லுக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைத் தினமும் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் அலுமாரிக் கதவுக்குப் பயந்து, அந்தப் பயத்தாலேயே ஒரு தெருவை ஆட்டிப் படைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ரைட் அண்ணன்.

சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி பாக்கியம் அக்கா. அவ பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டா. மட்டக்களப்புக்கும் ஓட்டமாவடிக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்கு யாரும் சரியாக விளங்கப்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். கோயிலில் பிரசாத வரிசையில் நின்றால், "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, நடுவில இடம் கிடக்கு" என்று தள்ளுவார். சோறு போதும் என்பதற்கு, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி, "ஹோல்டோன்" என்பார். எந்தக் காரியம் முடிந்தாலும் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்று சொன்னால்தான் அவருக்கு அது முடிந்த மாதிரி. ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்றார். மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்தே விட்டான்.

சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் தெருவில் புது வீடுகள் கட்டித் தந்தார்கள். வீட்டோடு ஆளுக்கொரு அலுமாரியும் வந்தது. அலுமாரி என்றால் அலுமாரியாக வரவில்லை. தட்டையான மட்டைப் பெட்டிக்குள் பலகைகளாகவும், ஒரு பை நிறையத் திருகாணிகளாகவும் வந்தது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. எப்படிப் பொருத்திப் பூட்டுவது என்று ஒரு தாளில் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தில் இருந்த மொட்டை மனிதன் சிரித்துக்கொண்டே பூட்டினான். எங்கள் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எப்படியோ எல்லா வீட்டிலும் அலுமாரி எழும்பி நின்றது. கதவுதான் நிற்கவில்லை. ஒரு கதவு மேலே ஏறி நிற்கும், மற்றது கீழே இறங்கி நிற்கும். சில வீடுகளில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வாவிக் காற்றின் ஈரத்தில் பலகை ஊதி இன்னும் இறுகும். 'கதவு கோணினால் என்ன, சாமான் கோணாமல் இருந்தால் போதாதா' என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். எங்களுக்குப் போதாது. அந்த அலுமாரிக்குள்தான் 'ஓடுற பை' இருந்தது.

ஓடுற பை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. வலப்பக்கக் கதவுக்குள், கீழ்த்தட்டில் இருக்கும். அடையாள அட்டைகள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், இருக்கிற நகை, ஒரு பிஸ்கட் பக்கெட். கடல் வந்தாலும் அதுதான், ஷெல் வந்தாலும் அதுதான், விடியப்புறம் சுற்றிவளைப்பு என்று ஆமிக்காரர் கதவைத் தட்டினாலும் அதுதான். குழந்தையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்து ஓடத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கதவு இறுகினால் பை இல்லை. பை இல்லாவிட்டால் அந்த நாட்களில் ஆளே இல்லாத மாதிரி.

வீட்டுக்கு வந்த முதல் வருசமே ஒரு நாள், 'கடல் வருகுது' என்று ஒரு கதை பரவியது. தெரு முழுக்கக் கல்லடிப் பாலத்தைப் பார்த்து ஓடியது. ரைட் அண்ணனும் பையை எடுக்கப் போனார். கதவு இறுகிவிட்டது. இழுத்தார். காலை முண்டுகொடுத்து இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் பிணைச்சல் கழன்று கதவு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. மனிதர் அப்படியே ஓடத் தொடங்கினார்.

அப்போது இருந்தது பழைய இரும்புப் பாலம். ஒடுக்கமானது. அதில் கதவைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஓடினால் பின்னால் வருபவர்கள் என்ன செய்வது? திட்டுகிறார்கள், கத்துகிறார்கள். இவர் அந்தப் பதற்றத்திலும், "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டு போகிறார். அக்கரைக்குப் போய் நின்ற பிறகுதான் நான் கேட்டேன்.

"அண்ணன், பை எங்க?"

கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"கதவத் திறந்துட்டன் எண்டு நினைச்சன் தம்பி."

கடல் வரவில்லை. வந்தது பாக்கியம் அக்காதான். ஆடிப்பாடி, பையோடு, பின்னால் நடந்து வந்தா. கதவு கழன்ற அலுமாரிக்குள் பை கண்ணுக்கு முன்னால் இருந்ததாம். "ஊரில எல்லாரும் பொஞ்சாதிமாரக் காப்பாத்தினாங்க. என்ட மனுசன் கதவக் காப்பாத்தினவர்" என்று அவ சொல்ல, பாலத்தடி முழுக்கச் சிரித்தது. ரைட் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளே அவர் ஸ்குரூ டிரைவரோடு தெருவில் இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வருவார். வந்தால் வணக்கமுமில்லை, சுகம் விசாரிப்புமில்லை. நேரே அறைக்குள் போய் அலுமாரியின் முன்னால் குந்திவிடுவார். பிணைச்சலில் இருக்கும் ஆணிகளில் ஒன்றை இளக்கினால் கதவு பக்கவாட்டில் நகரும், இன்னொன்றை இளக்கினால் மேலும் கீழும் போகும் என்பதை நாலைந்து வீட்டு அலுமாரிகளைப் பாழாக்கித்தான் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் கூடுதலாக முறுக்கி, ஆணித் துவாரமே பெரிதாகிவிட்டது. தீக்குச்சியை உடைத்துத் துவாரத்தில் செருகி, "இனி ஆயுசுக்கும் ஆடாது தங்கச்சி" என்று என் மனைவி ஜெயந்திக்குச் சொன்னார். அன்று பின்னேரமே ஆடியது.

கதவு சரியாகிவிட்டால் சும்மா போகமாட்டார். பரீட்சை வைப்பார். வீட்டுக்காரரை அடுப்படிக் குசினியில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, "இப்ப கடல் வருது எண்டு நினைச்சுக்குங்க. ஓடிவந்து எடுங்க பார்ப்பம்" என்பார். ஒரு விரலால் இழுத்துக் கதவு திறக்கவேண்டும். இரண்டாவது விரல் பட்டால் "ஹோல்டோன்!" மறுபடியும் குந்துவார். ஜெயந்தி அப்போது நிறைமாதம். அவளையும் இரண்டு தரம் ஓடவைத்தார்.

பிறகு சண்டை கூடியது. வாவிக்கு மறுகரையில் இருந்த படுவான்கரையைப் பார்த்து ஆமிக்காரர் இரவிரவாக ஷெல் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் எங்கள் வீடுகள் குலுங்கும். வீடு குலுங்கினால் ஆணி இளகும், ஆணி இளகினால் கதவு சரியும். விடிந்ததும் தெருவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். வீடு வீடாகக் கதவுகளைப் பார்த்து, "நேத்து வலுவா அடிச்சிருக்கான்" என்று தலையை ஆட்டிக்கொண்டு முறுக்குவார். எங்களுக்கும் அவர் வந்து "ரைட்!" சொன்னால்தான் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

இந்தப் பரீட்சையால்தான் அந்த வினை வந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியே இருந்தா. எதையும் ஆறுதலாகச் செய்கிறவ. கதவைத் திறக்க வருவதற்கே அரைப் பொழுதாகும். ரைட் அண்ணன் பொறுத்துப் பார்த்தார். "டீச்சர், இப்பிடி வந்தா கடல் வந்து திரும்பியும் போயிரும். உங்களுக்கு நினைச்சுப் பார்க்க ஏலாட்டி நானே சொல்லுறன்" என்று வாசலில் போய் நின்று, இருபத்தைந்து வருசம் பஸ் இரைச்சலை வென்ற தொண்டையால் கத்தினார்:

"கடல் வருது! ஓடுங்க!"

டீச்சர் ஓடவில்லை. தெரு ஓடியது. எங்கள் தெருவைப் பார்த்துப் பக்கத்துத் தெரு ஓடியது. மீன்காரர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன், ஜெயந்தி ஒரு விரலால் கதவைத் திறந்து, பையை எடுத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். சனம் பாலத்தடிச் சென்றிக் காவலரணுக்கு வந்ததும் அங்கே நின்ற ஆமிக்காரர், "மொகத? மொகத?" என்று, என்ன விசயமெனச் சிங்களத்தில் கேட்க, யாரோ "முஹுத" என்று கடலையும் சிங்களத்தில் சொல்ல, அவர்களில் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்து ஓடினார்கள்.

கடல் வரவில்லை என்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. கத்தியவர் யார் என்று தெரியவும் ஆகவில்லை. ரைட் அண்ணனைப் பிடித்துச் சென்றிக்குள் கொண்டுபோனார்கள். அப்போது டீச்சர் பையோடு வாசலுக்கு வந்து, "இப்பச் சரியா?" என்று கேட்டாவாம்.

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. சனத்தைக் கலைத்துவிட்டுச் சென்றியைத் தாக்கத்தான் இப்படிக் கத்தினார் என்று அவர்கள் நினைத்தால், அதோடு முடிந்தது. அந்த நாட்களில் உள்ளே போனவர்களில் சிலர் வெளியே வரவேயில்லை. அதிலும் டீச்சர் வீடு மூன்று வீடு தள்ளித்தானே என்று மனிதர் அடையாள அட்டை இல்லாமல் போயிருந்தார்.

சென்றிக்கு முன்னால் நின்ற பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்தா.

"என்னை இந்த இடத்த விட்டுப் போகச் சொல்லாத மனே. நான் போனா இவரக் கொண்டு போயிருவானுகள். நீ ஓடிப்போய் ஐசிய எடுத்துட்டு வா. அலுமாரிக்குள்ள, ஓடுற பையில கிடக்கு."

ஓடினேன். ஊர்க் கதவெல்லாம் ஒரு விரலுக்குத் திறக்கவைத்த மனிதரின் வீட்டு அலுமாரி, ஊதினாலே திறக்கும் என்று நம்பி அறைக்குள் பாய்ந்தேன். கதவைத் தேடினேன். இடப்பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. வலப்பக்கத்தில் கதவே இல்லை. அன்று பாலம் கடந்த கதவை அவர் திரும்பப் பூட்டவேயில்லை. அது அறை மூலையில் இரண்டு கல்லின்மேல் கிடந்தது. அதன்மேல் சோற்றுக் கோப்பைகள் இருந்தன. ஓடுற பை வெட்டவெளியில், எட்டி எடுக்கும் தூரத்தில் இருந்தது.

அடையாள அட்டையோடு சென்றி வாசலுக்குப் போனபோது, உள்ளே ஒரு அதிகாரி ரைட் அண்ணனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் கத்தினது? கடல் எங்கே?"

"கதவு சேர். கதவு சரியாத் திறக்குதா எண்டு பார்த்தன் சேர்."

"எந்தக் கதவு?"

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ரைட் அண்ணன் கையால் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்து ரைட் அண்ணனின் கண் மூலைக்குப் போனது. அங்கே ஒரு அலுமாரி. எங்கள் அலுமாரியின் கூடப் பிறந்தது. கதவு சரிந்து, கயிற்றால் கட்டியிருந்தது.

நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மனிதருக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. எழுந்து போய் அதன் முன்னால் குந்தி, இடுப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவினார். பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான். ரைட் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்தி, "ஹோல்டோன், ஹோல்டோன்" என்றார்.

பாக்கியம் அக்கா கண்ணை மூடிக்கொண்டா.

ஆணியை இளக்கினார். கதவைத் தோளால் தூக்கினார். முறுக்கினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். அதிகாரி வந்து ஒரு விரலால் இழுத்தார். திறந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். என் கையிலிருந்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அவரையும் பார்த்தார். "ஹரி. போ" என்றார். சிங்களத்தில் ஹரி என்றால் சரி.

ரைட் அண்ணன் பழக்கதோசத்தில் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வேலியோரம் குந்திவிட்டார். பாக்கியம் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்குக் கதவ விட்டுட்டு வந்திட்டீங்க. பரவாயில்ல" என்றா. சொல்லிவிட்டு அழுதா. நான் கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டேன்.

"அண்ணன், ஊருக்கெல்லாம் பூட்டுறீங்க. உங்கட கதவ ஏன் பூட்டல்ல?"

"என்ட வேலையில எனக்கு நம்பிக்கையில்ல தம்பி" என்றார். "அண்டைக்குப் பாலத்தில பின்னால கிறுகிப் பார்த்தன். கையில கதவு கிடக்கு. இவ இல்ல. அதுக்கு மறுகா என்னெண்டு கதவு போடுற?"

ஒரு வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெரு அந்தச் சத்தத்துக்கும் ஒருதரம் பையைத் தொட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகு சத்தமில்லை. ரைட் அண்ணன் வழமைபோல வந்து கதவுகளைப் பார்த்தார். எல்லாம் நேராக நின்றன. அடுத்த கிழமையும் நேராகவே நின்றன. அவர் முகத்தில் கலவரம் கூடிக்கொண்டே போனது.

"ஒரு மாசமா ஆடாம நிக்குது தம்பி. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் படும்பாட்டைப் பார்க்கமுடியாமல் ஜெயந்தி ஒரு நாள் கத்தி முனையால் ஆணியைக் கொஞ்சம் இளக்கி வைத்தாள். வந்தார், குந்தினார், பார்த்தார்.

"ஷெல்லுக்கு ஆடினா எல்லா ஆணியும் ஆடும். இதில ஒண்டுதான் இளகிக் கிடக்கு" என்றார். பிறகு ஆறுதலாக முறுக்கிவிட்டு, "பிளேன்ரீ ஊத்துங்க தங்கச்சி" என்றார்.

சில மாதம் கழித்துப் பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டா. "ஒருக்கா வந்துட்டுப் போ மனே. இந்த மனுசன் காலையில இருந்து வேர்த்து நிக்கிது."

போனேன். அலுமாரிக்கு வலப்பக்கக் கதவு திரும்பப் பொருத்திப் பூட்டியிருந்தது. சோற்றுக் கோப்பைகள் நிலத்துக்கு வந்திருந்தன. ரைட் அண்ணன் சுவரோடு ஒட்டி, பரீட்சை எழுதிய பிள்ளைபோல நின்றார்.

"திறந்து பாருங்க தம்பி."

ஒரு விரலால் இழுத்தேன். திறந்தது. கீழ்த்தட்டில் பாக்கியம் அக்காவின் சேலைகள் மடித்து வைத்திருந்தன. அவற்றுக்கு அடியில் ஓடுற பை, வெறுமையாக, நாலாய் மடிந்து கிடந்தது. மூடிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கதவு ஒரு விரல் அளவு சரிந்துதான் நின்றது. வேறு வீடாக இருந்தால் அவரே "ஹோல்டோன்" என்று கத்தியிருப்பார்.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன்:

"ரைட்!"