பின்னால் வந்த மஞ்சள் லைட்

வளைகுடாவில் வண்டி ஓட்டிப் பிழைக்க வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அரபி அல்ல. பின்னால் எவனாவது லைட் அடித்தால் வாயைத் திறக்காமல் வலது பக்கம் ஒதுங்குவதைத்தான். அரபி தெரியாவிட்டாலும் ரூம் போய்ச் சேரலாம். ஒதுங்கத் தெரியாதவன் போய்ச் சேருகிற இடம் வேறு.

நான் கீழக்கரைக்காரன். அபுதாபி முசஃபாவில் மளிகைச் சாமான் கம்பெனி ஒன்றில் வேன் டிரைவர். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டது. (நான்தான் அதை விட்டேன் என்று என் மனைவி கதீஜா சொல்வாள்.) ஆனால் அல்லாஹ் கிருபையால் இத்தனை வருடத்தில் ஒரு ஃபைன் வாங்கியதில்லை. யார் லைட் அடித்தாலும் ஒதுங்கி, கையைத் தூக்கி ஒரு சலாமும் வைத்து அனுப்புவேன். பிள்ளைகளுக்கு நான் விட்டுச் செல்லக்கூடிய சொத்து இந்தப் பெயர்தான் என்று நினைத்திருந்தேன். அந்தச் சொத்தை வைத்தே ஒரே மத்தியானத்தில், வண்டியே இல்லாத ஒரு ஹாலில் உட்கார்ந்து பெற்ற பிள்ளையைக் கவிழ்த்தேன்.

மகள் நிஸா இங்கேயே வளர்ந்தவள். கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். பெண் பிள்ளை காரணமில்லாமல் வாப்பாவுக்கு டீ போட்டுத் தர மாட்டாள்.

"வாப்பா, காலேஜ்ல ஃபேமிலி டே வருது. ரேஸ் வெச்சிருக்காங்க. ஸ்கிரீன்லதான், சிமுலேட்டர். ஒரு டீமுக்கு ரெண்டு டிரைவர். ஒண்ணு ஸ்டூடண்ட், ஒண்ணு பேரண்ட்."

"உம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"உம்மாவுக்கு லைசென்ஸ் இல்ல. நீங்க புரொஃபஷனல் டிரைவர் வாப்பா."

அந்த ஆங்கில வார்த்தைக்கு நான் விழுந்தேன்.

பிறகு விவரம் சொன்னாள். ஜப்பானில் சூப்பர் ஜிடி என்று ஒரு கார் பந்தயம் நடக்கிறதாம். அதைப் பார்த்து அமைத்த போட்டி இது. அதில் ஐந்நூறு, முந்நூறு என்று இரண்டு கிளாஸ். (டிக்கெட் விலை என்று நினைத்தேன்.) ஐந்நூறு வேகமான கார், முந்நூறு கொஞ்சம் மெதுவானது. இரண்டும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடும், ஆனால் வெற்றி தோல்வி தனித்தனி. ஐந்நூறு காருக்கு முன் லைட் வெள்ளை. முந்நூறுக்கு மஞ்சள்.

"நாம முந்நூறு வாப்பா. பின்னால வெள்ளை லைட் வந்தா விட்டுருங்க. அவங்களோட நமக்குப் போட்டியே இல்ல. மஞ்ச லைட் வந்தா மட்டும் விடவே கூடாது. அது நம்ம கிளாஸ்."

"இவ்வளவுதானே," என்றேன்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் முதல் மூன்று டீம் மாணவர்களுக்கு, பந்தயக் கார் பழுதுபார்க்கும் ஒரு பெரிய கராஜில் லீவு முழுக்கப் பயிற்சி. பெண் பிள்ளைகளை இலேசில் எடுக்காத இடம் அது. எனக்கே அதில் அரை மனசுதான், கிரீஸ் வேலை இவளுக்கு எதற்கு என்று. ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள் தஹஜ்ஜுத் என்னும் பின்னிரவுத் தொழுகைக்கு அவளாக எழுந்ததைப் பார்த்தபின் முழு மனசாக்கிக்கொண்டேன்.

ஹால் நிறைய ஜனம். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டீயரிங், முன்னால் மூன்று திரை. மேடையில் சினிமாக் கொட்டகை அளவுக்கு ஒரு திரை. பிள்ளைகள் முதல் பாதி ஓட்ட வேண்டும், பெற்றோர் மறு பாதி. நிஸா ஓட்டியதைப் பார்த்து, பின்னால் நின்ற நான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். முக்காட்டைச் சரிசெய்யக்கூட ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. மஞ்சள் லைட் கூட்டத்தில் முதலாவதாக வந்து இறங்கி, ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

"ஃபர்ஸ்ட்ல இருக்கோம் வாப்பா. மூணுக்குள்ள முடிச்சாப் போதும்."

உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். பெல்ட்டைத் தேடினேன், இல்லை. கண்ணாடியைச் சரிசெய்யப் போனேன், அது திரையில் வரைந்த கண்ணாடி. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நிறுத்தி நிதானமாக ஓதினேன். ஹெட்போனில் மைக் இருப்பதும், அது ஹால் ஸ்பீக்கரில் கேட்பதும் எனக்குத் தெரியாது. ஹாலே அடங்கியது. நான் முடித்ததும் பின்வரிசையிலிருந்து பலர் "ஆமீன்" என்றார்கள்.

"வாப்பா, போங்க!" என்று நிஸா பின்னால் நின்று கத்தினாள். போனேன்.

முதலில் வெள்ளை லைட் வந்தது. ஒதுங்குவதற்கு முன் இண்டிகேட்டர் போட வேண்டுமல்லவா? ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கையில் தட்டுப்பட்டதை இழுத்தேன். அது கியர். கார் அறுக்கப்போகும் ஆடு மாதிரி அலறியது. அப்படியும் ஒதுங்கி, "தஃபள்ளல், தஃபள்ளல்" என்று உபசரித்து அனுப்பிவைத்தேன். ஹால் சிரித்தது. என்னைத்தான் என்று தெரியவில்லை.

பந்தயம் தொடங்கும் இடத்தில் பாதைக்குக் குறுக்கே மேலே ஒரு கம்பி வளைவு இருந்தது. அபுதாபியில் அப்படி ஒன்றைக் கண்டால் டிரைவருக்கு ஒரே அர்த்தம்தான், ரேடார். பிரேக்கை மிதித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அதன் கீழே மட்டும் யோக்கியமாகப் போனேன்.

"எதுக்கு வாப்பா ஸ்லோ பண்றீங்க?"

"மேலே கேமரா இருக்கு புள்ளே."

அப்போது கண்ணாடியில் மஞ்சள் லைட் தெரிந்தது. மஞ்சள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. விடக் கூடாது என்பதும் தெரிந்தது. அவன் இரண்டு தடவை லைட்டை அணைத்து அடித்தான். என் மூளை "விடாதே" என்று சொல்லி முடிப்பதற்குள் கை ஸ்டீயரிங்கை வலதுபக்கம் திருப்பிவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், சம்பளம் வாங்கிக்கொண்டு பழகியது.

"போய்க்கோ தம்பி, பார்த்துப் போ," என்று ஸ்பீக்கரில் என் குரல் கேட்டது.

"வாப்பா! அது மஞ்ச லைட்டு!"

"அவசரம்போலத் தெரியுதும்மா."

அடுத்த மஞ்சளுக்கும் ஒதுங்கினேன். இப்போது மூன்றாவது இடம், கடைசிச் சுற்று. நிஸா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா, இனிமே ஒருத்தர்தான் பின்னால. ப்ளீஸ். விடாதீங்க."

"இன்ஷா அல்லாஹ், விட மாட்டேன்," என்றேன். மனதார.

பின்னால் வந்தவர் என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். பெஷாவர் பக்கத்துக் கான் ஒருவர், டாக்சி ஓட்டுகிறவர். லைட் அடித்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நடுப்பாதையிலேயே போனேன். பிறகு அவர் தலையைத் திருப்பி, என் காதுக்கு நேராக, "அரே பாய்சாப், ஸைட் தோ!" என்றார்.

ஸைட் கொடுத்தேன்.

நாலாவது இடம். ஒரு காரிலும் இடிக்காமல் முடித்த ஒரே டிரைவர் நான்தான் என்று மேடையில் அறிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். கான் என்னைக் கட்டிப்பிடித்து, ரோட்டில் எல்லாரும் உங்களைப்போல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உருதுவில் சொல்லிக் கண் கலங்கினார். அவர் கண்ணைப் பார்த்தேன். என் மகளின் கண்ணைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் நிஸாவிடம், "மாப்பு செய் புள்ளே" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் பின்னால் ஒரு பெரிய வண்டி வந்து லைட் அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒதுங்கப் பயமாக இருந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தேன். அவன் மறுபடி அடித்தான்.

"வாப்பா," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "அது வெள்ளை லைட்டு. விடுங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒதுங்கினேன். முசஃபா வரும்வரை சிரித்துக்கொண்டும் இடையிடையே அழுதுகொண்டும் வந்தாள்.

மறுவாரமே நான் சாமான் போடப் போகிற வழியில் இருந்த கராஜ்களில் எல்லாம் ஏறி இறங்கினேன். "பெண் பிள்ளையா?" என்று கேட்டு "மாஃபி, மாஃபி" என்று இல்லை சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் திருச்சிக்காரர் ஒருவர், தினமும் நான் வந்து நிற்பதைச் சகிக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார். அவள் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் கதீஜா பார்த்த பார்வையை வேறொரு சமயம் எழுதுகிற உத்தேசம் எனக்கில்லை.

பிறகு நிஸாவுக்கு வேலையும் கிடைத்தது, சம்பந்தமும் வந்தது. தோஹா நஜ்மாவில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர், மகனோடு வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தார். மார்க்கப் பற்றுள்ள, நல்ல தீன்தாரியான குடும்பம். டீ குடித்துக்கொண்டே, "ஒரே ஒரு விசயம். நிக்காஹ் முடிஞ்சா புள்ளை வேலைக்குப் போவ வேணாம். அல்ஹம்துலில்லாஹ், எங்ககிட்ட இருக்கு," என்றார்.

என் தலை ஆடத் தொடங்கியிருந்தது. அடுப்படியிலிருந்து கதீஜாவின் குரல் மட்டும் வந்தது.

"இந்தாங்க. மஞ்ச லைட்டு."

தலையை நிறுத்தினேன். "அதுக்கு மட்டும் வழி இல்ல காக்கா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் அண்ணாந்து எங்கள் வீட்டு பல்பைப் பார்த்தார். "வெள்ளையாத்தானே எரியுது?" என்றார்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன், என்ன மஞ்சள் லைட் என்று மெதுவாகக் கேட்டான். வேறு வழியில்லாமல் துஆவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கான் இடம் வரும்போது அவன் வாப்பா டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். துடைத்துக்கொண்டே, "சரி, நாங்க ஸைட் தாரோம்," என்றார்.

நிஸா இன்று தோஹாவில் வேலை பார்க்கிறாள். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் எதைக் கேட்கப் போன் செய்தாலும் சலாமுக்கு அடுத்த வார்த்தை ஒன்றுதான்.

"மாமா, இது வெள்ளை லைட்டு."