செக்போஸ்டின் தாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஆறு பேரும் சேர்ந்து என்னைப் பயமுறுத்தியதைவிட, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாய் ஒரே காலையில் அதிகமாகப் பயமுறுத்திவிட்டது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் இப்படி ஒரு பிறவி இருந்ததில்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

அதன் அம்மை ஆரியங்கோட்டு நாட்டுநாய். அப்பன் ஒரு பட்டாளக்காரர் வீட்டு டெரியர். அம்மையிடமிருந்து வாலும் பசியும் வந்தன. அப்பனிடமிருந்து மிடுக்கும், தேங்காய் நார் போன்ற தாடியும். கஞ்சி குடித்தால் பாதி வயிற்றுக்கு, பாதி தாடிக்கு. தினமும் நான் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என் பிள்ளைகளுக்கே ஐந்து வயதோடு வாய் துடைப்பதை நிறுத்தியவள் நான்.

நாங்கள் வைத்த பெயர் டைகர். ஊர் வைத்த பெயர்தான் நின்றது: செக்போஸ்ட். எந்தப் பையும் அதன் மூக்குக்குத் தப்பி எங்கள் கேட்டைத் தாண்டாது. மீன்காரி பாத்திரத்தை இறக்கி வைத்து, ஒரு சாளை மீனை வரியாகக் கட்டிவிட்டுத்தான் போவாள். ஜெபிக்க வந்த போதகரின் பைக்குள்ளும் தலையை விட்டது. "வேதபுஸ்தகம் மட்டும்தான் உண்டு, மக்கா" என்று அவரே திறந்து காட்டினார். அடியில் முறுக்குப் பொட்டலமும் இருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து செக்போஸ்ட் வந்தது. குரைக்கவில்லை. வாயெல்லாம் வெள்ளை. தலையை உதறி உதறி, கோணல் நடை. சட்டியில் தண்ணீர் வைத்தேன். முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. என் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. போன மாதமே ஊசி போடக் கொண்டுபோயிருக்க வேண்டும். மழை, மழை என்று தள்ளிப்போட்டது நான்தான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கராஜ் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷமாக ரப்பர் வெட்டுகிறவன். முகத்தில் ஏதோ ஒரு சண்டையைத் தயாராக வைத்திருந்தான். நாயைக் கண்டதும் சண்டையை மறந்து, வேலியோரம் கிடந்த கம்பைத் தூக்கினான்.

"மாமி, மாறி நில்லுங்க! பேப்பட்டியாக்கும்! நுரை தள்ளுது, வெள்ளம் குடிக்கல்ல. ஒரே அடி, தீந்துரும்."

வெறிநாய் என்கிறான். இவ்வளவு நேரம் நான் மனதுக்குள்கூடச் சொல்லாத சொல்.

"எலே, கம்பைக் கீழ போடு!"

"கடிச்சா ஆரு சமாதானம் சொல்லுவா?"

"மொதல்ல என்னையக் கடிக்கட்டு. நீ வரிசையில நில்லு."

துடைக்கும் துணியைக் கண்டால் செக்போஸ்ட் தானாக வரும். துணியை விறகுப்புரைக்குள் வீசினேன். அது பின்னாலேயே போனது. கதவைத் தாழிட்டேன். என்னை நம்பிப் போனதுதான் மனதை அறுத்தது.

பேத்தி ஷைனி மிருகாசுபத்திரிக்குப் போன் செய்தாள். யாரும் தொடக்கூடாது, இதோ வருகிறேன் என்றார் டாக்டரம்மா. காத்திருந்த நேரத்தில் ஒரு சங்கீதம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தங்கராஜ் கம்போடு கேட்டில் காவல்.

சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அது முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கியபோது தரைக்கும் தாடிக்கும் நடுவே வெள்ளையாக ஒரு நூல் இழுபட்டது. இன்னும் தூக்கியது; இன்னும் நீண்டது. பிறகு டப்பென்று அறுந்து மூக்கில் அடித்தது.

நுரை எங்கேயாவது இழுபடுமா? எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். ஆனால் இழுபடுகிற வெள்ளை எது என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"எலே தங்கராஜு, நீ காலத்தே எதுக்கு வந்தே?"

"அதா... என் பால்வாளிய ஆரோ கவுத்துப் போட்டிருக்கு. கேக்கலாம்னு..."

முடிக்கவில்லை. கம்பு மெதுவாகக் கீழே இறங்கியது. அவனுடைய வாளியையும் செக்போஸ்ட் சோதனை போட்டிருக்கிறது. ரப்பர் பால் தாடியில் உறைந்து வாயை ஒட்டிவிட்டது. பிறகு எப்படிக் குரைக்கும், எப்படிக் குடிக்கும்?

"நாப்பது வருஷம் ரப்பர் பால்ல கைய முக்கினவனுக்குத் தெரியல்லியா?"

"வாளியில கெடந்தா தெரியும் மாமி. பட்டி வாயில இதுவரைக்கும் கண்டதில்ல."

டாக்டரம்மா கையுறை போட்டு நன்றாகப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவித் தாடியை ஒட்ட வெட்டினார். "பேடிக்கண்டா அம்மே", பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் என்னையும் தேற்றி, தள்ளிப்போன ஊசியையும் போட்டார். வாய் திறந்ததும் செக்போஸ்ட் ஒரு சட்டித் தண்ணீரைக் குடித்தது. அடுத்த நிமிஷம் டாக்டரம்மாவின் பைக்குள் தலை.

இப்போது துடைக்கத் தாடி இல்லை. ஆனாலும் கஞ்சி குடித்ததும் முகத்தை நீட்டுகிறது. நானும் துடைக்கிறேன்.

ஷைனி, இஞ்ச வா மக்கா. நான் சொல்லி நீ எழுதினத ஒருக்கா வாசி. மழைன்னு சொல்லி ஊசியத் தள்ளிப்போட்ட எடத்த மட்டும் பைய, சத்தமில்லாம வாசி. செக்போஸ்ட் வாசல்லதான் கெடக்கு, கேக்கும்.