சைக்கிள் ஸ்டாண்டைப் பூக்கடை என்ற தம்பிக்கு

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி மணிவேலுக்கு அண்ணன் சக்கரவர்த்தியின் ஆசிகள். அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நான், உன் அண்ணி அருணாதேவி, மகள் கவிநிலா, என் சர்க்கரை, என் பிரஷர் எல்லோரும் நலம். செங்கத்தில் நீ, உன் மனைவி வேதா, உன் மோட்டார் ரிப்பேர் கடை மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. கவிநிலா சிறப்புக் கல்வியில் பி.எட். படிப்பது உனக்குத் தெரியும். கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் படிப்பு. பரீட்சைக்கு அவள் ஒப்பிப்பாள், நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ஆனால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த கை சும்மா இருக்குமா? மூன்றே நாளில் ஊரில் யாருக்கு என்ன என்று குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் ஃபைல் உன் அண்ணி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போகிறாள், அதைப் பாதியில் விட்டுக் கீரை ஆய உட்காருகிறாள், உடனே எழுந்து ஓடுகிறாள். "உனக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் ஜாஸ்தி, புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன். "நீங்க குடிச்ச டம்ளரை நீங்களே கழுவி வைங்க, நான் ஒரே எடத்துல உக்கார்றேன்"னு சொல்லிட்டா. அடுத்தது எங்கள் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரர். வணக்கம் சொன்னால் பதில் இல்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கணக்கில் மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பரிதாபப்பட்டு, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அறிக்கை எழுதிக் கையில் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, சட்டையில் குத்தியிருந்த அட்டையை விரலால் காட்டினார். மௌன விரதம் என்று போட்டிருந்தது. ஒரு மாசமாக அது அங்கேயேதான் இருக்கிறதாம், படிக்காமல் விட்டது நான். "நாலு பக்கம் படிச்சுட்டு யாருக்கும் பேர் வைக்கக் கூடாதுப்பா, அதுக்குப் பயிற்சி எடுத்தவங்க சோதிச்சுப் பார்க்கணும்" என்று கவிநிலா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் குளிக்கப் போன நேரத்தில் மறுபடி எடுத்துப் புரட்டினேன். வாசிப்புச் சிரமம் என்று ஒரு பாடம். நல்ல அறிவுள்ள பிள்ளைக்கும் எழுத்தையும் ஓசையையும் சேர்ப்பது கஷ்டமாக இருக்கலாம், அது சோம்பேறித்தனம் இல்லை, பலர் முன்னால் படிக்கச் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன் மணி.

உனக்கு அப்போது பத்து வயசு, எனக்கு இருபது. உன்னைப் படிக்க வைக்கிறேன் பேர்வழி என்று கிரிவலம் கூட்டிப் போய், ஒவ்வொரு லிங்கத்திலும் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன். இந்திர லிங்கத்திலிருந்து குபேர லிங்கம் வரை கடகடவென்று சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, உரித்துத் தின்ன வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன். பலகை கண்ணில் படும் முன்னாடியே "ஈசானிய லிங்கம்" என்று நீ சொன்னபோதுதான் சந்தேகம் வந்து, வேறொரு பலகையைக் காட்டினேன். அதன் கீழே ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். "பூக்கடை" என்றாய். அது சைக்கிள் ஸ்டாண்டு. "எழுத்தெல்லாம் நகருதுண்ணா"ன்னு அழுதே. "எழுத்துக்குக் கால் இருக்காடா?"ன்னு அத்தனை ஜனத்துக்கு நடுவுல அறைஞ்சேன். வீட்டுக்கு வந்து, "இவனுக்குப் படிப்பு ஏறாதுப்பா, எங்கனா வேலைக்கு விட்டுடுங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னதும் நான்தான். அடுத்த மாசமே உன்னை மோட்டார் கடையில் விட்டுவிட்டார்.

இன்றைக்கு நீ மோட்டார் சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்தக் கம்பிச்சுருள் எரிந்திருக்கிறது என்று சொல்கிறாய். உன்னைத்தான் மக்கு என்றேன். ஹோட்டலில் சர்வர் மெனு அட்டையை நீட்டினால் வாங்காமலே, "அண்ணனுக்கு இன்னாவோ அதே எனக்கும்" என்பாய். நாற்பது வருஷமாக அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்திருக்கிறேன். உனக்கு இன்ன பெயர் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் நான் செய்ததற்குப் பெயர் தெரியும். தப்புப் பண்ணிட்டேன்டா.

இதை நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்து, மன்னிக்க முடிந்தால் உன் கைப்பட விரிவாகப் பதில் எழுதவும். வேதாவுக்கு என் ஆசி. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சக்கரவர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கவிநிலாவிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் கேட்டாள்: "படிக்கக் கஷ்டப்படுற சித்தப்பாவுக்கு நாலு பக்கம் லெட்டராப்பா? பதில் வேற எழுதணுமா?" ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லித் தந்தாள். அந்தப் பொத்தானை அமுக்கினால் எனக்குச் சாப்பாட்டு விசாரணைதான் வாயில் வருகிறது. இன்று காலையிலிருந்து உனக்கு எட்டு முறை வந்த "மணி, சாப்ட்டியா?" அதுதான். நீயும் எட்டு முறை "சாப்ட்டேண்ணா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். உன் எதிரில் உட்கார்ந்து நானே வாய்விட்டுப் படிக்கிறேன். நடுவில் எழுத்தெல்லாம் நகர்ந்து நான் நின்றுவிட்டால், அறையாமல் கொஞ்சம் பொறுத்துக்கோ.